விளக்கணைக்கும் பேய், பூ வைக்கும் பேய்

எதிர் வீட்டில் இரண்டு பேய்கள் நடமாடுவது இந்தத் தெருவிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். எங்கள் வீட்டுக்காரரே நம்பவில்லை. "என்ன, ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். எதிர் வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மத்தியானம் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள். இளையவள் அவளுடைய நாத்தனார். பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் பூ வைக்கிற வேலை. இவள் விடியும்போதே போய்விட்டு, அண்ணி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வந்து சேருவாள். எனக்கு ஒருத்தி எக்ஸ்ரே, ஒருத்தி கிரீம். முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவள்தான் நான். எக்ஸ்ரேயின் புருஷன் கப்பல் எஞ்சினியர். வருஷத்தில் பாதி தண்ணீரில், மீதி தூக்கத்தில்.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பெரிய சொத்துத் தகராறு என்று நினைக்காதீர்கள். எல்லாம் ஒரு கேக்கால் வந்த வினை. அண்ணியின் பிறந்தநாளுக்குக் கிரீம் ஆசை ஆசையாக அண்ணியின் முகத்தையே கேக்கில் வரைந்து கொண்டுவந்தாள். மூடியைத் திறந்த எக்ஸ்ரே, கொஞ்சம்கூட வஞ்சகமில்லாமல், "அட, யாரு இது? உங்க முதலாளியா?" என்று கேட்டுவிட்டாள். அந்த முதலாளிக்கு மீசை உண்டு. அவ்வளவுதான். அன்றிலிருந்து இருவரும் ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு, கப்பலுக்குப் போன் போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள்.

"உங்க தங்கச்சிகிட்டச் சொல்லுங்க, எல்லா ரூம்லயும் விளக்கு எரியுது, ஆளைத்தான் காணோம்னு."

கப்பல்காரர் நடுக்கடலிலிருந்து தங்கைக்குப் போன் போடுவார். கைக்கெட்டும் தூரத்தில் போன் அடிக்கும்.

"உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு அண்ணா, இருட்டுல சுவத்தைத் தடவிக்கிட்டு நடக்க இது என்ன சினிமாக் கொட்டகையான்னு."

அந்த மனுஷர் கப்பலில் எஞ்சினைப் பார்க்கிறாரா இல்லையா என்பதே எனக்குச் சந்தேகம்.

போன தடவை விடுமுறைக்கு வந்தவர் வீடியோ கேம் ஆடுகிற பெட்டி ஒன்றை வாங்கி வந்து டிவியில் மாட்டினார். நாள் பூராவும் அதன் முன்னால்தான். இரண்டு பெண்களும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். "ஏழு கழுதை வயசாச்சு, பொம்மை வச்சு விளையாடுறார்" என்று ஒருத்தி. "அண்ணனுக்கு ஒரு கிலுகிலுப்பையும் வாங்கிக் குடுங்க" என்று தெருவைப் பார்த்து இன்னொருத்தி. தெருவே கேட்கும்படி சிரித்தார்கள். அவரும் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி, பெட்டிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுக் கப்பல் ஏறினார்.

அந்தத் துண்டை முதலில் தூக்கியது எக்ஸ்ரே. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவளே காலையில் துணி காயப்போடுகிற சாக்கில் வந்து சொன்னாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

இந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். ஏன் தேடிப்பிடித்து என்னிடமே வருகிறார்கள் என்பது எனக்கே புரியாத மர்மம்.

"சும்மா தூசி தட்டலாம்னு துண்டை எடுத்தேன் அக்கா. என்னதான் இருக்கும்னு ஒரு பட்டனை அமுக்கினேன். இப்ப எனக்குத் துணி துவைக்க ஓடல, சாப்பிட ஓடல."

கதையைச் சொன்னாள். ஏரிக்கு நடுவில் ஒரு தீவு. தீவில் பூட்டிக் கிடக்கும் பழைய ஹோட்டல். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்கால மாலையில் அங்கே தீப்பிடித்திருக்கிறது. நடன மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் செத்துப்போனார்கள். காரணம், மண்டபக் கதவை யாரோ வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். சாவி கிடைக்கவே இல்லை. இப்போது அந்த ஹோட்டலுக்குப் புதிதாக வேலைக்கு வரும் குமாஸ்தா நாம்தான். செத்தவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். மேலாளர், சமையல்காரர், இசை டீச்சர், வாய் பேசாத ஒரு சின்னப் பெண். அந்தப் பெண் அடிக்கடி வரவேற்பு மேசையின் மணியை அடிப்பாள், ஓடிப் பார்த்தால் இருக்கமாட்டாள். கதவைப் பூட்டியது யார் என்று நாம் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடித்ததும் அந்த ஆளைப் பேர் சொல்லி மண்டபத்துக்குக் கூப்பிடவேண்டும். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட முடியும். தப்பாகக் கூப்பிட்டால் அந்தச் சின்னப் பெண் ஒரேயடியாகக் காணாமல் போய்விடுவாள். மறுபடி முதலிலிருந்து ஆடினாலும் வரமாட்டாளாம்.

"இதுல என்னடி இருக்கு? டிவியில வர்ற பேய்ப்படம் மாதிரிதான?" என்றேன்.

"ஐயோ அக்கா! படத்துல 'போகாதடி, போகாதடி'ன்னு நாம கத்துவோம், அவ போவா. இதுல போறதே நான்தான். போகாதடின்னு எனக்கு நானே கத்திக்கிட்டே போறேன்!" அவள் கையிலிருந்த ஈரத்துணி தரையில் விழுந்து புரண்டது, அவள் கவனிக்கவில்லை. "அதைவிட, என்ன ஆச்சு தெரியுமா? அந்த ஹோட்டல் பூராவும் காலி ஜாடியா இருக்கும். இன்னைக்குத் திறந்தா எல்லா ஜாடியிலயும் பூ! நான் வைக்கல. அந்தப் பொண்ணு வைக்கிறா அக்கா. எனக்காக!"

ஆட்டம் தொடங்கும்போதே திரையில் ஒரு வரி வருமாம்: 'நீங்கள் இல்லாத நேரத்திலும் இந்த ஹோட்டல் தூங்குவதில்லை.' எக்ஸ்ரே அதைச் சொன்னபோது எனக்கே கையில் மயிர்க்கூச்செறிந்தது.

அன்று மத்தியானம் என் கதவைத் தட்டியது கிரீம்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முக்கியமா அந்த மகராசிகிட்ட."

"சொல்லு, சொல்லு."

"அண்ணனோட கேம் பெட்டி இருக்குல்ல…"

எனக்கு வாயில் ஈ போனதுகூடத் தெரியவில்லை. அதே ஏரி, அதே தீவு, அதே ஹோட்டல். இவளும் அண்ணன் விட்ட இடத்திலிருந்து 'தொடர்க' என்பதை அமுக்கி உள்ளே போயிருக்கிறாள்.

"நேத்து என் ஆளைச் சமையல்கட்டுல நிறுத்திட்டு வந்தேன் அக்கா. இன்னைக்குத் திறந்தா மாடியில நிக்கிறான்! நான் ஏத்தி வச்ச விளக்கு அத்தனையும் அணைஞ்சிருக்கு. போட்டது போட்டபடி கிடந்த சாவியெல்லாம் மேசைமேல சின்னது பெருசுன்னு வரிசையா அடுக்கியிருக்கு! யாரோ ராத்திரி பூரா நடந்திருக்காங்க. பெட்டியை அணைச்சுட்டு வாசலுக்கே ஓடி வந்துட்டேன். ஆனா என்ன ஒரு அருமை! என்ன மூளைக்காரன் அக்கா இதை உண்டாக்கினவன்?"

சின்னது பெருசு என்று வரிசையாக. நான் அந்த வீட்டு அடுப்படியைப் பார்த்திருக்கிறேன். அங்கே கரண்டிகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி உயர வரிசையில் தொங்கும், தொங்கவிட்டது எக்ஸ்ரே. வெளியே போகும்போது வாசல் விளக்குவரை அணைத்துவிட்டுத்தான் செருப்பு போடுவாள். ஆஸ்பத்திரி இருட்டறையில் பழகிய கை. கிரீம் இருக்கிறாளே, அவள் காலி ஜாடியைக் கண்டால் சும்மா இருக்கமாட்டாள். என் வீட்டுக்கு வந்தால் பேனா குத்துகிற குவளையில்கூட ஒரு பூவைச் செருகிவிட்டுத்தான் போவாள்.

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு இருமலாக மாற்றினேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நியாயமாகப் பார்த்தால், இந்தத் தெரு இதுவரை கண்ட சமாசாரங்களிலேயே பெரிய சமாசாரம் இது. ஆனால் சொன்ன அந்த நிமிஷமே இரண்டு பேய்களும் செத்துவிடும். அப்புறம் காலையில் யார் வந்து எனக்குக் கதை சொல்வது? மத்தியானம் யார் சொல்வது? நான் கேம் பெட்டியைத் தொட்டதில்லை. ஆனால் அந்த ஹோட்டலின் எந்தப் படி கிறீச்சிடும், எந்தக் கதவுக்குப் பின்னால் இசை டீச்சர் அழுகிறாள், எல்லாம் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. குக்கர் சத்தம் போட்டால் மணிச் சத்தமோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"காலைக் காட்சி, பகல் காட்சி ரெண்டும் முடிஞ்சுதா? எனக்குக் காப்பி கிடைக்குமா?" என்பார் வீட்டுக்காரர்.

"இருங்க, அந்தச் சமையல்காரன் பொய் சொல்றான்."

"எந்தச் சமையல்காரன்?"

"உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் எந்தக் குணத்துக்காக அடித்துக்கொண்டார்களோ, ஹோட்டலில் அதற்கே உருகினார்கள். "நான் கலைச்சுப்போட்டதை எவ்வளவு பொறுமையா அடுக்கி வைக்குது பாருங்க அக்கா அந்தப் பேய். நான் டிவிகிட்டப் போய் வாய்விட்டு நன்றி சொன்னேன்" என்றாள் கிரீம். "இவ்வளவு பாசமா எனக்கு யாருமே பூ வச்சதில்ல" என்றாள் எக்ஸ்ரே. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். இந்தப் பக்கம் நன்றி, அந்தப் பக்கம் பாசம். சாயங்காலம் ஆனால் கப்பலுக்குப் போன்.

இப்படியே சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. கிரீம் ஒரு நாள் மத்தியானம் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கன்னத்தில் மாவு, கண்ணில் நெருப்பு.

"கண்டுபிடிச்சுட்டேன் அக்கா! மேலாளர்தான்!"

"எப்படிச் சொல்ற?"

"தீப்பிடிச்ச அன்னைக்கு யாரோ விளக்கையெல்லாம் அணைச்சுக்கிட்டே போனாங்கன்னு இசை டீச்சர் சொல்றா. தினமும் என் விளக்கை அணைக்கிறது யாரு? அதே ஆள்தான்! ஹோட்டல்ல சிக்கனம் பாக்கிறவன் மேலாளர் ஒருத்தன்தான். என்கிட்ட நல்ல பேய் மாதிரி சாவி அடுக்கிக் காட்டி ஏமாத்தியிருக்கான், பாவி. நாளைக்கு வந்ததும் அவனைக் கூப்பிட்டுடப் போறேன். இன்னைக்கே கூப்பிட்டிருப்பேன், ஒரே தடவைதானேன்னு தைரியம் வரல."

தினமும் விளக்கை அணைப்பது மேலாளர் இல்லையே! நாளைக்கு இவள் அந்த ஆளைக் கூப்பிடுவாள், மணி அடிக்கிற அந்தக் குழந்தை ஒரேயடியாகப் போய்விடும். இவளுக்கும் போய்விடும், எதுவும் தெரியாமல் ஆஸ்பத்திரியில் யாருடைய முதுகெலும்பையோ படம்பிடித்துக்கொண்டிருக்கும் அவளுக்கும் போய்விடும். எனக்கும்தான்.

"நல்லா யோசிச்சியா? அவசரப்படாதடி."

"யோசிச்சு யோசிச்சு இன்னைக்கு ஒரு கேக்குல ரெண்டு தடவை பேர் எழுதிட்டேன் அக்கா. இனிமே யோசிச்சா வேலை போயிடும்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் முழுக்கதையும் சொல்லிவிட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். அவர் மடித்து வைப்பது அபூர்வம். "ஊர்ல இல்லாததையெல்லாம் சொல்லுவ. இருக்கிறதைச் சொல்லவேண்டிய நேரத்துல வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்க. போய்ச் சொல்லு" என்றார்.

காலையில் எக்ஸ்ரே வருவதற்கு முன்னால் நானே போனேன். அவள் திரை முன்னால் கால்மடக்கி உட்கார்ந்திருந்தாள். ஹோட்டல் கும்மிருட்டு. குமாஸ்தா கையில் ஒரு டார்ச் வெளிச்சம்.

"ஒண்ணு சொல்லணும். கோவப்படாத. அந்தப் பூவை வைக்கிறது சின்னப் பொண்ணு இல்ல."

"பின்ன?"

"உன் நாத்தனார்."

அவள் சிரித்தாள். பிறகு நான் சிரிக்காததைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். ஜாடியில் பூ இருந்தது. மஞ்சள் நடுவில், சுற்றிலும் வெள்ளை. பேக்கரி கண்ணாடிக்குள் இருக்கும் கேக்குகளில் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

"அவளா?" என்றாள். "அவளா வச்சா?"

மத்தியானம் கிரீம் மேலாளரைக் கூப்பிடப்போகிற விஷயத்தையும் சொன்னேன். எக்ஸ்ரே உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வீட்டில் அவசரம், வரமுடியாது என்றாள். "யாருக்கு என்ன?" என்று அங்கே கேட்டிருக்கவேண்டும். "ஒரு குழந்தை விஷயம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கிரீம் வரும் நேரத்துக்கு, திருப்பிக் கொடுக்க எதுவுமே இல்லாத நான் ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

கதவைத் திறந்த கிரீம் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். சோபாவில் அண்ணி. டிவியில் ஹோட்டல். அண்ணி கையில் கன்ட்ரோலர்.

"விளக்கை அணைச்சது நான்தான்" என்றாள் எக்ஸ்ரே.

கேக்குக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை. கப்பலுக்குப் போகாமல் நேராக வந்தது.

கிரீம் என்னைப் பார்த்தாள். நான் பாத்திரத்தைப் பார்த்தேன்.

"சாவி… சாவி அடுக்கினது?"

"நான்தான்."

"நான் அதுக்கு நன்றியெல்லாம் சொன்னேன்!" என்று கத்தினாள் கிரீம். "டிவிகிட்டப் போய்! சத்தமா!"

"நான் உன் பூவைப் பாத்து அழுதேன். அதுக்கு என்ன சொல்ற?"

"ஐயோ, அப்ப பேயே இல்லையா?"

அந்தக் கேள்வியில் இருந்த துக்கத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் முகம் தொங்கிவிட்டது, இழவு வீடு மாதிரி. பாவி, நான்தானே இரண்டையும் கொன்றேன்!

அந்த நேரம் பார்த்து டிவியில் மணி அடித்தது. டிங்.

மூன்று பேரும் திரும்பினோம். யாரும் எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை.

"அது நம்ம ரெண்டு பேரும் இல்ல" என்றாள் எக்ஸ்ரே மெதுவாக.

கிரீம் கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இருங்க அண்ணி. நீங்க செஞ்சதைக் கழிங்க, நான் செஞ்சதைக் கழிங்க. மீதி என்ன இருக்குன்னு பாப்போம். விளக்கு உங்களுது. அப்ப மேலாளர் இல்ல."

"நான் சமையல்காரன்னு நினைச்சேன். மாவு டப்பாவுக்குள்ள ஒரு சாவியை ஒளிச்சு வச்சிருந்தான்."

"அது நான்! எங்க பேக்கரிச் சாவி எப்பவும் மாவு டப்பாவுலதான் இருக்கும். பழக்கதோஷத்துல போட்டுட்டேன்."

"நாசமாப் போச்சு! அந்த மனுஷனை நான் எவ்வளவு திட்டியிருக்கேன்!"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். பிறகு வேகம் பிடித்தார்கள் பாருங்கள், எனக்குத் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியே கழுத்து பிடித்துக்கொண்டது.

"முழங்கால் உயரத்துல சுவத்துல சாக்பீஸ் அம்புக்குறி இருக்கே, அது நீங்க போட்டதா?"

"எந்த அம்புக்குறி?"

"தாழ்வாரம் பூரா இருக்கு அண்ணி! விளக்கைப் போட்டாத்தான தெரியும்! நீங்கதான் கருமம் டார்ச்சு வச்சுக்கிட்டுச் சுத்துறீங்களே."

"சரி சரி. அது எங்க போகுது?"

"வரவேற்பு மேசைக்கு. அங்க ஒண்ணும் இல்ல."

எக்ஸ்ரே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இருக்கு. நீ குனிஞ்சு அடுக்கி வச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும். மேசைக்கு அடியில, கடைசி இழுப்பறைக்குப் பின்னால, ஒரு பெரிய சாவியும் பாதி கடிச்ச பிஸ்கட்டும் கிடந்துச்சு. யாரோ தவறவிட்டதுன்னு நினைச்சேன்."

"மண்டபத்துச் சாவியா?"

பெரிய ஆள் நுழைய முடியாத இடம். பாதி பிஸ்கட். முழங்கால் உயரத்தில் அம்புக்குறி. எனக்கே புரிந்துவிட்டது, எனக்குப் புரிந்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

"ஒளிஞ்சு பிடிச்சு விளையாடியிருக்கா" என்றாள் கிரீம். "மண்டபத்துல இருந்தவங்க உடனே வந்து பிடிச்சுடக் கூடாதுன்னு கதவைப் பூட்டிட்டு, விளக்கையெல்லாம் அணைச்சுக்கிட்டே ஓடி வந்து ஒளிஞ்சிருக்கா. கண்டுபிடிக்க அம்புக்குறியும் போட்டு வச்சிருக்கா. யாருமே வரல, புகைதான் வந்திருக்கு." டிங் என்று மறுபடி மணி. "அவ நம்மளைக் கூப்பிடல அண்ணி. நான் இங்க இருக்கேன், வாங்கன்னு சொல்றா. இன்னும் ஒளிஞ்சுக்கிட்டேதான் இருக்கா."

எக்ஸ்ரே மண்டபத்துக்கு நடந்தாள். திரையில் முகங்கள் வரிசையாக வந்தன. யாரைக் கூப்பிடுகிறீர்கள்? மேலாளர். சமையல்காரர். இசை டீச்சர். கடைசியில், இருட்டில் பாதி மறைந்து, அந்தக் குழந்தை.

"வேண்டாம்" என்று கிரீம் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டாள். "குழந்தை மேல பழியைப் போடச் சொல்றீங்களா? வேற யாரையாவது கூப்பிடலாம். தப்பானாலும் பரவாயில்ல."

"தப்பானா அவ போயிடுவா."

"அதுக்காக? எல்லாரையும் கொன்னது நீதான்னு அவகிட்டப் போய்ச் சொல்லணுமா?"

"ஏய், இங்க பாரு." எக்ஸ்ரே அவள் கையை விலக்கவில்லை, அதன்மேல் தன் கையை வைத்தாள். "ஒளிஞ்சிருக்கிற பிள்ளையைக் கண்டுபிடிச்சா என்ன செய்வோம்? பேரைச் சொல்லித்தான கூப்பிடுவோம்? இது குத்தம் சொல்றது இல்ல. எவ்வளவு வருஷமா உக்காந்திருக்கா அந்த மேசைக்கு அடியில! யாராவது கண்டுபிடிக்கணும்ல?"

கிரீம் உதட்டைக் கடித்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள். பிறகு கன்ட்ரோலரை விட்டாள்.

எக்ஸ்ரே குழந்தையின் முகத்துக்கு நகர்ந்தாள். கட்டைவிரல் பட்டன்மேல். "மூச்சை நல்லா இழுங்க" என்றாள், ஆஸ்பத்திரியில் சொல்கிற அதே குரலில். "அப்படியே பிடிச்சுக்கங்க. யாரும் அசையக் கூடாது."

அமுக்கினாள். திரை கறுத்தது.

நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். என் உடம்புக்கு இது ஆகாது, ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கறுப்பு. கறுப்பு. ஒரு சத்தமும் இல்லை. தப்பாகிவிட்டதோ? போய்விட்டாளோ?

"அண்ணி," என்றாள் கிரீம், பல்லைக் கடித்துக்கொண்டு, "மூச்சு விடலாமா?"

"இரு, இரு. இன்னும் இல்ல."

எங்கோ ஒரு இழுப்பறை உரசித் திறக்கிற சத்தம். கால்சத்தம், சின்னக் கால். ஓடி வந்தது. திரையின் நடுவில் மெல்ல வெளிச்சம் வந்தபோது, அந்தப் பெண் மேசைக்கு வெளியே நின்றுகொண்டு, உடம்பெல்லாம் தூசியோடு, எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தோற்றுப்போனதில் அப்படி ஒரு சந்தோஷம். அவளுக்குப் பின்னால் மண்டபக் கதவு திறந்தது.

"இப்ப விடு" என்றாள் எக்ஸ்ரே.

மூன்று பேரும் விட்ட மூச்சோடு சேர்ந்து வந்த கூச்சலில், எங்கள் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்துவிட்டார்.